பிக்கில் இரண்டு ஓட்டை போட்ட விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

ஐந்தாவது வரை மட்டும் படித்த உங்கள் சம்பந்தி, தையல் மிஷின் மேல் தாளை வைத்து எழுதும் கடிதம். இங்கே நானும் மிஷினும் நலம், இருவருக்கும் எண்ணெய் மட்டும் அடிக்கடி தேவைப்படுகிறது. அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் ஒற்றுமையாக இருக்கிறீர்களா என்று அறிய ஆசை.

நீங்கள் பேத்திக்குக் கிடாரோடு சேர்த்து வாங்கிக் கொடுத்த, கம்பியை மீட்டுகிற பிக்கை நான் பித்தான் என்று நினைத்து ஓட்டை போட்டுத் தைத்துவிட்டதாகவும், பிள்ளையின் எதிர்காலமே அதோடு போயிற்று என்றும் மருமகள் உங்களுக்குப் போனில் சொன்னாளாம். முதல் பாதி உண்மை. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தெட்டு வருடத் தொழிலில் நான் கேட்கும் இரண்டாவது மன்னிப்பு இது. முதலாவது ஒரு வக்கீலின் கால்சட்டைக்கு. இரண்டாம் பாதி சுத்தப் பொய். எப்படி என்று எழுதுகிறேன், ஹெட்மிஸ்ட்ரஸ் பழக்கத்தில் சிவப்பு மையால் திருத்தாமல் படியுங்கள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தவள் முதுகுப் பையைக்கூடக் கழற்றவில்லை. "பாட்டி, டீச்சர் பாட்டி குடுத்த பிக்கைக் காணோம். சனிக்கிழமை இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறாங்க. பிக் இல்லாம எப்படிப் போறது? நான் போகலை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் பெண், மேல் பித்தான் அறுந்த மழைக்கோட்டை என்னிடம் கொடுத்திருந்தாள். பித்தான் டப்பாவில் பொருத்தமாக ஒன்றும் இல்லை. மிஷின் பலகையில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு நிறத்தில் முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் வில்லை கிடந்தது, பார்க்க லட்சணமாக இருந்தது. ஊசியைக் காய்ச்சி இரண்டு ஓட்டை போட்டேன், தைத்தேன், கொடுத்துவிட்டேன், அவளும் புன்னகையோடு போய்விட்டாள். இரண்டு வருடமாக வீட்டுக்குள் அந்தப் பிள்ளை வாசிக்கிற வாசிப்பைக் கேட்டுக்கொண்டே துணி வெட்டுகிறவள் நான், என் கையாலேயே அதைக் கெடுத்தேன் என்றால் எப்படி இருக்கும்? அன்று தைத்த சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகப் போயிற்று.

மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு வாத்தியக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின்னல் போட்ட தாடிக்காரர், நல்ல மனிதர். "நீ எப்படிம்மா வாசிப்பே?" என்று கேட்டார். "எல்லாக் கம்பியையும் சேர்த்து வீசி வாசிச்சா மெல்லிசு எடுத்துக்கோ, வளைஞ்சு குடுக்கும். ஒவ்வொரு கம்பியா பொறுக்கி வாசிச்சா கெட்டி எடுத்துக்கோ, சொன்ன இடத்துல நிக்கும்." இதைச் சொல்ல ஒரு கடைக்காரர் வேண்டுமா? மெல்லிய துணிக்கு ஒன்பதாம் நம்பர் ஊசி, கெட்டித் துணிக்குப் பதினாறு, இது எனக்குத் தெரியாததா? "இவ முதல்ல ஒவ்வொரு கம்பியா கொஞ்சுவா, அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து அடிப்பா. நடுத்தரமா எடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாட்டியம்மா வாசிப்பீங்களோ?" என்றார். "தைப்பேன்" என்றேன்.

பதினோரு பிக் எடுத்துப் போட்டார். காலருக்குக் கான்வாஸ் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் நானே வளைத்துப் பார்த்தேன். மெல்லியது ஃபேன் காற்றில் காலண்டர் படபடப்பதுபோலச் சத்தம் போட்டது. கெட்டியானது கம்பியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. நடுத்தரம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பயத்தில் இவள் விரலெல்லாம் வேர்வை, பிடித்த பிக் எல்லாம் வழுக்கி விழுகிறது. ஒன்று கிடாரின் வயிற்றுக்குள்ளேயே விழுந்து, கடைக்காரர் கிடாரைக் கவிழ்த்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "எதுவும் சரியில்லை பாட்டி, வாங்க போகலாம்" என்றாள். நான் விடுவேனா? பழைய பிக்கைத் தபால்காரப் பெண்ணிடமிருந்து மீட்டே தீருவது என்று முடிவுகட்டினேன். சிக்கல் என்னவென்றால், மழை பெய்தால்தான் அவள் கோட்டைப் போடுவாள். வெள்ளிக்கிழமை முழுக்க வெயில்.

சனிக்கிழமை காலை பேத்தியை மருமகள் அதட்டிப் பள்ளிக்கு அழைத்துப் போனாள், கடைக்காரர் இரவலாகத் தந்த பிக்கோடு. அவர்கள் போய்ச் சற்று நேரத்தில் கொட்டியது பாருங்கள் மழை. குடையை எடுக்க மறந்து கத்தரியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் பிடித்துவிட்டேன்.

"என்னம்மா இது, நடுத்தெருவுல கத்தரியோட?"

"ஒண்ணுமில்லம்மா, உன் பித்தான் கிடார் வாசிக்கணும். கழுத்துப் பக்கம், அசையாம நில்லு."

"சட்டை நனையுதேம்மா."

"சாயங்காலம் வா, ஆறு பித்தானும் புதுசா தச்சுத் தரேன்."

கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவள் கடிதம் போடப் போனாள். நான் பள்ளிக்கு ஓடினேன். வரிசையில் அடுத்து நம் பேத்தி. முகம் வெளுத்துக் கிடந்தது. வில்லையை நீட்டினேன். அதைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட நிற்கிற என்னைப் பார்த்தாள், இன்னொரு தடவை அதைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சம்பந்தி அம்மா, நான் கதவோரம் நின்று கேட்டேன். ஒவ்வொரு கம்பியாகக் கொஞ்சினாள், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அள்ளினாள், வில்லை ஒரு நூல்கூட நழுவவில்லை. ஓட்டை இருந்ததால் விரலுக்குப் பிடி கிடைத்தது. வாசித்து முடித்ததும் பாட்டு டீச்சர், "இது எந்தக் கடைப் பிக்?" என்று கேட்டார். "எங்க வீட்டு மிஷின்ல செஞ்சது மிஸ்" என்றாள், பாட்டியை விட்டுக்கொடுக்காத பிள்ளை. எடுத்துவிட்டார்கள். இப்போது குழுவில் மூன்று பேர் தங்கள் பிக்கில் ஓட்டை போட என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் படியேறட்டும். முதல் கச்சேரிக்கு முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி பிடித்து வைப்பேன், அடுத்த நாற்காலி என்னுடையது. பேத்தி எல்லா மேடையும் ஏறட்டும் என்று நாம் இருவரும் சேர்ந்தே ஆசீர்வதிப்போம்.

இப்படிக்கு,
அன்புள்ள சம்பந்தி,
தையல் பாட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் எழுத்துப்பிழை பார்க்கப் பேத்தியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து போய் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து உங்கள் பிக்கை எடுத்து என் மிஷின் மேல் வைத்தாள். முழுசாக, ஓட்டை இல்லாமல். தொலையவே இல்லையாம். "போக பயமா இருந்துச்சு பாட்டி. பிக் இல்லைன்னா விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க மழையில ஓடுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?" அப்படியானால் நான் தைத்தது? போன மாதம் காலருக்குள் வைக்க ஒரு பழைய டப்பா மூடியை வெட்டினேன், அதில் மிஞ்சின மூலைத் துண்டு. "தெரிஞ்சுதான் வாங்கினியா?" என்றேன். "நனைஞ்சுகிட்டு வந்து நீட்டுறீங்க. இது பிக்கே இல்லைன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் வாசிக்காம எப்படி இருக்கிறது?" என்கிறாள். ஆகையால் சம்பந்தி அம்மா, மேலே இரண்டாவது பத்தியில் கேட்ட மன்னிப்பை மட்டும் அடித்துவிடுங்கள். சிவப்பு மையாலேயே அடிக்கலாம்.