தையலுக்கு அரை இன்ச்

"தம்பி, நான்தான் டெய்லரம்மா பேசறேன். சத்தமா பேச முடியாது. எங்க வண்டி ஹெட்லைட்டு உடைஞ்சுபோச்சு. அவர் உன் கடைக்கு வருவார். ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடு."

துணி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் கிசுகிசுத்தாள். அவள் கணவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுமுனையில் உதிரிபாகக் கடைக்காரத் தம்பி இழுத்தான். "அக்கா, அது வந்து... இப்பத்தான்..."

"இப்பத்தானும் இல்ல, அப்பத்தானும் இல்ல. இருந்தாலும் இல்லைன்னு சொல்லு. எனக்காக."

அவன் எதற்கோ சிரித்தான். "சரிக்கா. இல்லவே இல்லை."

சொந்த வண்டிக்கு விளக்கு கிடைக்கக் கூடாது என்று ஒரு பெண் நினைத்தால் காரணம் இல்லாமல் இருக்குமா? அவள் கணவர் ஓய்வு பெற்று நாற்பது நாள் ஆகியிருந்தது.

ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். தெருவில் இன்னமும் அதுதான் அவர் பெயர். நின்றுபோன இயந்திரங்களை ஓட வைப்பது அவர் தொழில். வீட்டில் நின்றுபோன இயந்திரம் எதுவும் இல்லாததால் ஓடிக்கொண்டிருந்தவற்றில் கை வைத்தார். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று பிரித்தார். சொட்டு நின்றது, தண்ணீரும் நின்றது. மின்விசிறியின் சத்தத்தைப் போக்கினார். காற்றும் கூடவே போய்விட்டது. போன வாரம் டெய்லரம்மா பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவளுடைய தையல் மெஷினுக்குக் 'கொஞ்சம் வேகம்' கூட்டி வைத்திருந்தார். பெடலில் கால் பட்டதுதான் தாமதம், அது ஒரு சட்டையின் கையை வாயடைத்துக் காலரோடு சேர்த்துத் தைத்துவிட்டுத்தான் நின்றது.

"பாத்தியா, எப்படிப் போகுது!" என்றார் ஃபோர்மேன் பெருமையாக.

மெஷினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு முழு நாள் பிடித்தது. இந்த வாரம் அப்படி ஒரு நாளை இழக்க அவளால் முடியாது. ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு அறுபது வெள்ளை கோட்டு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத் தையலில் அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் இனிமேல் எல்லா யூனிஃபாரமும் அவளிடமே வரும். தவறினால் அடுத்த தெருவில் ஒரு கடை காத்திருந்தது. இன்று செவ்வாய்.

காலையில்தான் ஃபோர்மேன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினார். ஏணியின் பின்முனை, வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் முகத்தில் போய் இடித்தது. உடைந்த சதுரக் கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் நின்றவர், "மனசே சரியில்ல. கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கிளம்பிப் போய் அரை மணி கழித்து வந்தார். அந்த அரை மணியில்தான் டெய்லரம்மாவுக்கு அந்த யோசனை உதித்தது. மனுஷனுக்கு வீட்டுக்கு வெளியே ஒரு வேலை கிடைத்தால் மெஷின் தப்பிக்கும்.

பீரோவிலிருந்து தலையை வெளியே எடுத்து, ஒன்றும் தெரியாதவள் போலக் கூடத்துக்கு வந்தாள். "கடையில போய்க் கேட்டுப் பாருங்களேன்."

போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஸ்டாக் இல்லையாம்" என்றார். கையிடுக்கில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்ட விளக்கு இருந்தது. "பழைய சாமான்ல கிடந்துது. நம்ம வண்டிக்குச் சேராதுன்னான். சேர்க்கறது என் வேலைடான்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

"எப்படிச் சேர்ப்பீங்க?"

"ரெண்டு காது செய்யணும். விளக்கை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கற மாதிரி இரும்புத் தகட்டுல. நாலு நாள் ஆகும்."

நாலு நாள்! டெய்லரம்மாவுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அவசரமே இல்லைங்க. நிதானமா செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷம் நிம்மதியாகத் தைத்தாள்.

"ஏம்மா, அட்டை இருக்கா?"

கொடுத்தாள்.

"ஏம்மா, கத்திரிக்கோல்?"

"அது துணி வெட்டறது! அட்டையில வச்சா மழுங்கிடும்!"

"அப்ப நீயே வெட்டிக் கொடேன்."

இதில் ஒரு நியாயம் இருந்தது. மூன்று அட்டைகளை அவர் வெட்டி வீணாக்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், புதன்கிழமை காலை அவளே டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். விளக்கைச் சுற்றி அளந்தாள், வண்டியின் முன்பக்க ஃபோர்க்கை அளந்தாள், பழுப்புத் தாளில் கோடு போட்டாள், இரண்டு நிமிஷத்தில் இரண்டு காதுகளை வெட்டி நீட்டினாள். ஃபோர்மேன் அசந்துபோனார்.

"முப்பத்திரண்டு வருஷம் எனக்கு ஒரு டிராயிங் இவ்வளவு சுத்தமா வந்ததில்ல."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையோடு மெஷினுக்குத் திரும்பினால், பின்வாசலில் தகடு அறுக்கும் சத்தம் தொடங்கியது. காதைக் கிழித்தது. ஊசியில் நூல் கோக்க நான்கு முறை முயன்றாள். நான்கு முறையும் ஊசிக்கண் நகர்ந்துபோனது. அன்றைக்கு இருபது கோட்டு முடித்திருக்க வேண்டும், பன்னிரண்டுதான் முடிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சத்தம் நின்றது. அவள் பெருமூச்சு விடுவதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா! சுத்திவர அரை இன்ச் பெரிசா இருக்கே! ஹேண்டிலைத் திருப்பினா காது டேங்க்குல இடிக்குது!"

அவள் கை அப்படியே நின்றது. பழுப்புத் தாள், டேப், கோடு, கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோட்டை அவள் போடவே இல்லை, பழகிப்போன கைதான் போட்டது.

"என்னங்க... தையலுக்கு அரை இன்ச் விட்டுட்டேன்."

ஃபோர்மேன் உள்ளே வந்து அவளைப் பார்த்தார். கையில் இருந்த மூன்று மில்லி கனமுள்ள இரும்புத் தகட்டைப் பார்த்தார்.

"இதை மடிச்சுத் தைக்கணுமா?"

"பழக்கதோஷம்ங்க."

"நல்லவேளை, பட்டனுக்கு ஓட்டை விடாம இருந்தியே."

கோபிப்பார் என்று நினைத்தாள். அவரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் பின்வாசலில் காற்று அடித்ததால், இந்த முறை ஜன்னலோரமாகக் கூடத்திலேயே உட்கார்ந்தார். இரும்புத் தூள் பறந்து, மடித்து வைத்திருந்த வெள்ளை கோட்டுகளின் மேல் படிந்தது.

"தட்டாதீங்க! தேய்க்காதீங்க! தண்ணி பட்டா துரு பிடிச்சிடும்!" ஊசிகளைப் பொறுக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு கோட்டின் மேலும், குழந்தைக்குப் பவுடர் போடுவது போல் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தாள். முப்பத்தாறு கோட்டு, இரண்டரை மணி நேரம். வீட்டுக்கு வெளியே வேலை கொடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தவள் யார் என்று அவளுக்கு அவள் மேலேயே எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் வலது காது தயாரானது. இடது காதை அரத்தால் ராவுவதற்குள் பொறுமை போய்விட்டது, ஃபோர்மேன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார். டெய்லரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி வாசலைக் கடந்து போனது. அவர் கையை ஆட்டினார். இவளும் ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கடந்தது. மறுபடி கையை ஆட்டினார். என்ன சந்தோஷம் மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டாள். நான்காவது முறை ஆட்டியபோது அவர் ஏதோ கத்தவும் செய்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"ஏன் தள்ளிட்டு வரீங்க?"

"இடது காது இடிக்குதும்மா. வலது பக்கம் மட்டும்தான் திரும்புது. நம்ம வாசல் இடது பக்கம். வந்து வண்டியைப் பிடின்னு நாலு தடவை கையைக் காட்டறேன், நீ டாட்டா காட்டற!"

அன்று ராத்திரி சாப்பிடும்போது இருவருக்கும் இதை நினைத்து நினைத்துப் புரையேறியது. கல்யாணமான புதிதில் இப்படிச் சிரித்தது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் உறுத்தியது. கடையில் அசல் விளக்கு அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. மனுஷன் இங்கே கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு சாதத்தைப் பிசைகிறார்.

வெள்ளிக்கிழமை இடது காதும் சரியானது. விளக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. இன்ஜினைப் போட்டதும் மட்டும் தலையாட்டியது. "நடுவுல வாஷர் மாதிரி ஏதாவது கொடுக்கணும்" என்று முனகிக்கொண்டே ஃபோர்மேன் வீட்டுக்குள் வந்து போனார். டெய்லரம்மா நிமிரவில்லை. காலை விடிந்ததிலிருந்து மெஷினை விட்டு எழவே இல்லை. சாயங்காலம் ஐம்பத்தொன்பதாவது கோட்டுக்குப் பட்டன் தைத்து முடித்து, அறுபதாவதுக்காக டப்பாவுக்குள் கையை விட்டாள். டப்பா காலி.

கோட்டுக்கு ஆறு வீதம் எண்ணி வாங்கிய பட்டன்கள்.

மெதுவாக எழுந்து வாசலுக்குப் போனாள். விளக்குக்கும் காதுக்கும் நடுவே, பக்கத்துக்கு மூன்றாக, ஆறு வெள்ளைப் பட்டன்கள் அழகாக வரிசையில் இருந்தன.

"என்னங்க இது?"

"இப்ப ஆடவே இல்ல பாரு! அளவெடுத்துச் செஞ்ச மாதிரி!"

"அது நர்ஸு கோட்டு பட்டன்! கழட்டுங்க!"

ஃபோர்மேனின் முகம் விழுந்தது. "கழட்டலாம். ஆனா நாலு ஓட்டையையும் சேர்த்து ஒரே ஓட்டையா டிரில் போட்டுட்டேனே."

டெய்லரம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பட்டன் கடை விடுமுறை. நாளைக்கு அது திறக்கும் நேரம் பத்து மணி. அறுபது என்று சொல்லிவிட்டு ஐம்பத்தொன்பதை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது? இந்த வேலையை அவருக்கு உண்டாக்கிக் கொடுத்ததே இவள்தானே!

ஃபோர்மேன் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் அவருடைய தொழிற்சாலை கோட்டு இருந்தது. கடைசி நாளன்று துவைத்துத் தேய்த்து மாட்டியது. யாரையும் தொட விடாதது. வெள்ளைப் பட்டன் ஆறு.

"இதை எடுத்துக்கோ."

"வேண்டாங்க. இது உங்க..."

"நான் இனிமே எங்க போட்டுக்கிட்டுப் போகப் போறேன்? எடும்மா."

அவரே பிளேடால் நூலை அறுத்து ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தார். அப்போதே உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள், வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, மடியில் ஒரு மூட்டையும் முதுகில் ஒரு மூட்டையுமாக அவள் பின்னால் ஏறிக்கொள்ள, வண்டி புறப்பட்டது. பட்டப்பகலில் ஃபோர்மேன் விளக்கைப் போட்டிருந்தார். அது சாலையைத் தவிர எல்லாவற்றையும் காட்டியது. மாடி வீட்டுக்காரர்கள் நெற்றியில் கையை வைத்து எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் சல்யூட் அடிக்கிறாங்க பாத்தியா?"

"கண்ணு கூசுதுங்க அவங்களுக்கு."

"எதுவா இருந்தா என்ன!" என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் தலையைத் திருப்பாமலே சொன்னார். "முப்பத்திரண்டு வருஷம் யாரோ செஞ்சதை ரிப்பேர் பண்ணேன். நானா ஒண்ணை ஆரம்பத்திலேர்ந்து செஞ்சது இதுதாம்மா முதல் தடவை."

அவள் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அறுபது கோட்டும் ஆஸ்பத்திரி மேஜையில் இருந்தன. எண்ணிப் பார்த்த அம்மாள் அங்கேயே அடுத்த ஆர்டருக்கான அளவுப் பட்டியலைக் கையில் கொடுத்தாள். டெய்லரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் அந்த உறுத்தல் மட்டும் போகவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனை நாலு நாளாக ஏமாற்றியிருக்கிறோம். அசல் விளக்கை வாங்கி அவர் கையில் கொடுத்து, நடந்ததை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில் உதிரிபாகக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னாள். "நீங்க வண்டிகிட்டயே இருங்க. நான் ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

அவர் கேட்டதாகவே தெரியவில்லை. கைக்குட்டையால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரத் தம்பி அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அந்த ஒரிஜினல் லைட்டை எடு. உன்னையும் பொய் சொல்ல வச்சுட்டேன். பாவம், அவர் வெகுளி. இல்லைன்னு நீ சொன்னதை அப்படியே நம்பிட்டார்."

தம்பி வாசலை எட்டிப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் கவுன்டருக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தான்.

"நம்பறதாவது! அக்கா, அன்னிக்கு நீங்க போன் பண்றதுக்குக் கால் மணி முன்னாடியே அண்ணன் நடந்து வந்து, 'வீட்ல அவளுக்கு அறுபது கோட்டு வேலை இருக்குடா, உள்ள இருந்தா அந்த மெஷின்ல கை வைக்காம என்னால இருக்க முடியாது, அவ வந்து கேட்டாலும் லைட்டு ஸ்டாக் இல்லைன்னே சொல்லு'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டாரு!"