நிலாவுக்குச் சுண்ணாம்பு

ஒரு காட்டில், மற்றக் காடுகளில் நடப்பதைப் போலவே, நிலா தேய்ந்துகொண்டிருந்தது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. இலுப்பைப் பூ உதிரும் காலம் வந்தபோதுதான் தலைவர் கரடி வருத்தப்பட்டார். பூப் பொறுக்க அவருக்கு வெளிச்சம் போதவில்லை. தலைவர் வருத்தப்பட்டால் காடே வருத்தப்பட வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

அந்தச் சமயத்தில் குரங்கு ஒரு வீடியோ எடுத்தது. செல்போன், மலைக்குச் சுற்றுலா வந்தவர்களிடம் பிடுங்கியது. வீடியோவில் மாசிலாமணி என்ற பெருச்சாளி பாறைமேல் உட்கார்ந்து, வெள்ளையாக, வளைவாக எதையோ கொறித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வானத்தில் குறைந்துபோன நிலா.

"நம் நிலாவைத் தின்பவன் இவன்தான். உண்மையான காட்டுவாசியாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று எழுதி அனுப்பியது குரங்கு. எல்லோரும் உண்மையான காட்டுவாசிகளாக இருந்தார்கள்.

மறுநாள் காலை இலுப்பை மரத்தடியில் விசாரணை கூடியது. கிழக்கே வெயில் ஏறிவிட்டது. மேற்கு வானில் பாதி நிலா இன்னும் மறையாமல் நின்றது.

"என்னடா, நிலாவைத் தின்னியா?" என்று கேட்டார் கரடி.

"ஐயா, அது தேங்காய்ப் பத்தைங்க. அடிவாரக் கோயில்ல சிதறுகாய் போட்டாங்க. ஒரு துண்டு என் பக்கம் வந்து விழுந்துச்சு."

"அந்தத் துண்டு எங்கே?"

"தின்னுட்டேங்க."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றது குரங்கு.

இதற்குத் தண்டனை, கழுகுப் பாறையில் கட்டிவைப்பது. கழுகுக்கு விசாரணையில் ஆர்வம் கிடையாது. பசி மட்டும் உண்டு.

அப்போது மரங்கொத்தி டீச்சர் ஒரு விளாங்காயை உருட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். காட்டுக் குட்டிகளுக்கு டியூஷன் எடுப்பவர் அவர்.

"தலைவரே, இந்தக் காயை வெயிலில் நின்னு, அந்த நிலாவுக்கு நேரா தூக்கிப் பிடிங்க."

கரடி பிடித்தார்.

"காயில சூரியனைப் பார்த்த பக்கம் வெளுப்பு. மறுபக்கம் கருப்பு. இப்ப நிலாவைப் பாருங்க."

கரடி பார்த்தார். நிலாவிலும் அதே பக்கம் வெளுப்பாக இருந்தது, அதே அளவுக்கு. காயை உருட்டிப் பார்த்தார். எப்படி உருட்டினாலும் சூரியனைப் பார்த்த பக்கம்தான் வெளுத்தது.

"நிலாவும் இது மாதிரி ஒரு உருண்டைங்க. அதுல பாதி எப்பவும் வெளிச்சம்தான். ஆனா அது நம்மளைச் சுத்தி வருது. அதனால அந்த வெளிச்சப் பாதி சில நாள் நமக்கு முழுசாத் தெரியும், சில நாள் ஓரம் மட்டும் தெரியும். சூரியன் இருக்கிற பக்கமா அது வந்துட்டா, இருட்டுப் பாதி நம்ம பக்கம் திரும்பியிருக்கும். அதுதான் அமாவாசை. யாரும் எதையும் தின்னலை."

"பூமியோட நிழல் விழறதாலன்னு நான் கேள்விப்பட்டிருக்கேனே" என்றார் கரடி.

"அது சந்திர கிரகணங்க. பௌர்ணமியில, அதுவும் எப்பவாவதுதான் வரும். இப்பப் பாருங்க, சூரியனும் மேல இருக்கு, நிலாவும் மேல இருக்கு. நம்ம நிழல் கீழ கிடக்கு. அது எப்படி அங்க போகும்?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நிழல்கள் தரையில்தான் கிடந்தன. கொஞ்ச நேரம் அந்தக் காட்டில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்திருந்தது.

கரடி காதைச் சொறிந்தார். "எல்லாம் சரிதான் டீச்சர். அப்போ யாரைக் கட்டிவைக்கிறது?"

"யாரையும் வேண்டாங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்த ஆந்தைகள் எல்லாம் இருந்தன.

"குற்றவாளி இல்லாத விளக்கமெல்லாம் ஒரு விளக்கமா?" என்றார் கரடி. "சாப்பிட்டுட்டு வந்து தீர்ப்புச் சொல்றேன்."

மாசிலாமணிக்காக வாதாட வந்திருந்தவர் நரி வக்கீல். அதுவரை வாயைத் திறக்காதவர், இடைவேளையில் டீச்சரிடம் மெல்லக் கேட்டார். "அமாவாசைக்கு அப்புறம் என்ன ஆகும்?"

"திரும்ப வளரும்."

"யாரும் ஒண்ணும் செய்யாமலேயா?"

"தானாவே."

நரி மாசிலாமணியைப் புதரோரம் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, நீ பொழைக்கணுமா, இல்ல நிரபராதியாச் சாகணுமா?"

"பொழைக்கணுங்க."

பிற்பகலில் மாசிலாமணி கைகூப்பி நின்றான். "ஐயா, தின்னது நான்தாங்க. வயித்துக்குள்ள போனது கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சுக்கிட்டே இருக்கறதால இன்னும் தேயும். ஆனா பௌர்ணமிக்குள்ள பழையபடி ஆக்கித் தந்துடறேன்."

கூட்டம் கைதட்டியது. டீச்சர் மட்டும், "என்ன மாசிலாமணி, உங்களுக்குப் புரிஞ்சுதுன்னு நினைச்சேனே" என்றார்.

"நல்லாப் புரிஞ்சுது டீச்சர்" என்றான் அவன்.

அமாவாசை கழிந்தது. ஒவ்வொரு மாலையும் மாசிலாமணி ஒரு கலயம் சுண்ணாம்பும் அதை அடிக்க ஒரு மட்டையும் எடுத்துக்கொண்டு மலைமேல் ஏறி, வானத்தைப் பார்த்து மட்டையை வீசினான். மேற்கே கீற்றாகத் தெரிந்த நிலா நாளுக்கு நாள் பருத்தது. சுண்ணாம்பு பாதி அவன் தலையில்தான் வழிந்தது. உழைப்பின் அடையாளம் என்று அதையும் குரங்கு வீடியோ எடுத்தது.

பௌர்ணமியன்று அவனுக்கு மாலை போட்டார்கள். 'நிலாக் காப்பாளர்' என்ற பதவியும், இலுப்பை மரத்தின் வேரடியில் மூன்று வாசல் வைத்த வளையும் கொடுத்தார்கள். மாசிலாமணி அன்றிலிருந்து மாசிலாமணியார் ஆனார்.

சில நாளில் நிலாவின் ஓரம் மறுபடி குறைந்தது.

"மாசிலாமணியாரே, என்ன இது?" என்று கேட்டார் கரடி. குரல் பழைய குரலாக இருந்தது. கூட்டமும் பழைய கூட்டமாகவே கூடியிருந்தது.

மாசிலாமணியார் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கழுகுப் பாறை நன்றாகத் தெரியும். அப்போது டீச்சர் அதே விளாங்காயை உருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். "பயப்படாதீங்க. நான் எடுத்துச் சொல்றேன். நீங்களும் கூடச் சொல்லுங்க" என்றார்.

மாசிலாமணியார் காயைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். டீச்சரின் அலகைப் பார்த்தார்.

"ஐயா, நான் பெருச்சாளி. இப்ப எனக்குத் தரையில வளை இருக்கு, பதவி இருக்கு. வானத்துல எனக்கு என்ன வேலை? இறக்கை வெச்சிருக்கறது யாரு? நாள் முழுக்க எதையாவது கொத்திக்கிட்டே இருக்கறது யாரு? நிலா தேயும்னு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சிருக்கறது யாரு?"

வானத்தில் வேலை இல்லாதவர் சுண்ணாம்பு எப்படி அடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. நரி வக்கீல் கேட்டிருக்கலாம். அவர் அப்போது காப்பாளரின் ஆலோசகராக இருந்தார்.

அன்றே மரங்கொத்தி டீச்சரைப் பாறையில் கட்டினார்கள். சாட்சிப் பொருளான விளாங்காய் அதற்குள் பழுத்திருந்தது. தலைவர் அதை உடைத்து வெல்லம் போட்டுச் சாப்பிட்டார்.

அமாவாசை போனது. நிலா வளர்ந்தது. தண்டனை பலித்துவிட்டது என்று காடு நிம்மதியாக மூச்சுவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமி முடிந்ததும் மாசிலாமணியார் யாராவது ஒருவரைக் கைகாட்டுகிறார். அவரைப் பாறையில் கட்டுகிறார்கள். அமாவாசைக்குப் பிறகு நிலா வளர்கிறது. இந்த வழி இதுவரை ஒருதடவைகூடப் பொய்த்ததில்லை.

நீதி: குழந்தைகளே, நிலா ஏன் தேய்கிறது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். அது வளரும்போது மட்டும் கையில் சுண்ணாம்பு மட்டையோடு நில்லுங்கள்.