மணவாளக்குறிச்சியில் நிற்கும் உங்கள் கார்

அன்புள்ள ரசலையன் மச்சானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கு அனைவரும் நலம். மஸ்கட்டில் உங்கள் நலத்துக்கும் ஜெபிக்கிறோம். நலமில்லாதது நீங்கள் எங்களிடம் விட்டுப்போன கார் மட்டும்தான். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை நம் பையன் ஸ்டெனிக்குப் பெண் பார்க்க அந்தக் காரில்தான் மணவாளக்குறிச்சிக்குப் போனோம். பெண் பெயர் ரெனிஷா. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். உங்கள் தங்கை ஜெபகனி என் காதில், "வாயே தொறக்கல்ல, இது நம்ம வீட்டுக்கு ஆவாது" என்றாள். கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று பெண்ணின் தகப்பனாரைக் கும்பிட்டேன். அதன் அர்த்தம் அவருக்கும் தெரியும். முகம் வாடாமல் வழியனுப்பினார். காரில் ஏறினோம். செல்ஃப் சுற்றியது, இஞ்சின் எடுக்கவில்லை. இறங்கினோம், சாயா தந்தார்கள், மறுபடி கும்பிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று ஏறி, மறுபடி இறங்கினோம். வேண்டாம் என்று ஒருமுறை சொல்வதே கஷ்டம் மச்சான், ஒரே வீட்டில் எத்தனை முறை சொல்வது? பேட்டரி என்றேன் நான், பெட்ரோலில் தண்ணீர் என்றார் பெண்ணின் தகப்பனார், கண்ணேறு என்று தொடங்கிய ஜெபகனி நிறுத்தவே இல்லை. அப்போது அந்தப் பிள்ளை ரெனிஷா வந்து, பின் சீட்டில் காதை வைத்து, "சாவிய ஆன் மட்டும் பண்ணுங்க, பம்பு ஓடுதான்னு கேக்கணும். மாமி, செத்த நேரம் மிண்டாம இருங்க!" என்றது. நம் வீட்டில் எவரும் சொல்லத் துணியாத வாக்கியம். ஜெபகனி வாயை மூடினாள். பெட்ரோல் பம்பின் முனகல் கேட்க வேண்டுமாம், ஒன்றும் கேட்கவில்லை. "டேங்குக்கு அடியில பையத் தட்டுங்க, செலப்போ எடுக்கும்" என்று ஸ்டெனியிடம் ஒரு தென்னை மட்டையை நீட்டினாள். புதுச் சட்டையோடு மண்ணில் படுத்துத் தட்டினான். பம்பு முனகியது, இஞ்சின் எடுத்தது, கேட்டைத் தாண்டியதும் நின்றது. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். நல்ல நெய்மீன் குழம்பு.

பஸ்ஸில் திரும்பும்போது ஜெபகனி பொரிந்தாள்: "எனக்க வாயையே அடச்சுட்டா. மாமியாம்! நான் இவளுக்கு எப்போ மாமி ஆனேன்?"

"அம்மா, பம்புன்னு கண்டுபிடிச்சது அவதானே?" என்றான் ஸ்டெனி.

"ஏலே, நீ அம்மைக்க கூட்டா, பம்புக்க கூட்டா?"

பேசாத பெண்ணும் ஆகாது, பேசுகிற பெண்ணும் ஆகாது என்பதால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஓட்டாமலே போட்டிருந்ததில் பம்பு இறுகிவிட்டது, புதிது வரவேண்டும் என்கிறார் மெக்கானிக். அதுவரை கார் அங்கேயே நிற்கிறது. ஸ்டெனி தினமும் வேலை முடிந்து போய்ப் பார்த்து வருகிறான். பொறுப்பான பிள்ளை, நீங்கள் காரை நினைத்து வெப்ராளப்பட வேண்டாம்.

கர்த்தர் உங்களையும் வீட்டாரையும் காப்பாராக.

அன்புடன்,
ஜேசுதாஸ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மெக்கானிக் வந்தார். புதன்கிழமையே பம்பு மாற்றியாயிற்று, கார் அருமையாக ஓடுகிறது, சாவி ஸ்டெனியிடம் இருக்கிறது என்கிறார். ஸ்டெனி இன்றும் பம்பைப் பார்க்கப் போயிருக்கிறான். ஜெபகனியிடம் சொன்னேன். "அண்ணன கிறிஸ்மசுக்கு லீவு போடச் சொல்லுங்க, தாய்மாமன் வேண்டாமா?" என்றாள்.