நாற்பத்தொரு ரங்கராஜன்களும் எப்ப சாரும்

காவிரிப் பாலத்தில் பாதி தூரம் நடந்திருந்தேன். தோளில் பை, பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, டப்பாவில் தயிர்சாதம். வேலை போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அது எனக்குப் புதிதல்ல. திண்டுக்கல்லில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தது, மணப்பாறையில் முறுக்குப் பாக்கெட் ஒட்டியது, லாரியில் கிளீனராகப் போனது எல்லாமே இப்படி ஒரு காலையில் முடிந்தவைதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிவிடுவது என்று நடந்தேன்.

எதிரே, திருச்சிப் பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. கால் வைக்கும் இடத்தில் யூபிஎஸ் பேட்டரி. அதன்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு எப்ப சார்.

"எங்க போறீங்க? யாரு போகச் சொன்னது? எப்ப?"

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே எப்ப சாரைப் போல எதையும் நம்பாத மனிதர் பிறந்ததே இல்லை. ஹோட்டலில் காபி வைத்தால், "சர்க்கரை யாரு போட்டது? போடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்பார். ஒண்ணாம் நம்பர் பஸ் நிற்குமிடத்தைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டார்கள் என்பதற்காகக் கண்டக்டரிடம், "யாரு மாத்துனது, எப்ப?" என்று கேட்டுக்கொண்டே திருவானைக்காவலில் இறங்க மறந்து அம்மாமண்டபம் வரை போனவர். கண்டக்டர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், நான் இந்த டூட்டிக்கு வந்ததே நேத்துதாங்க" என்றார். "அப்ப முந்தாநாள் யாரு?" என்றார் இவர். அவருடைய உண்மைப் பெயரை ஆபீசில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ஆபீஸ், ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடியில் நடந்த கல்யாணத் தகவல் மையம். நடத்தியவர் ஒரு மாமி. நோட்டில் இருக்கும் ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. கம்ப்யூட்டர்களையும் அவற்றுக்குள் இருக்கும் டேட்டாபேஸையும் பார்த்துக்கொள்வது எப்ப சார் வேலை.

என் வேலை போன கதை இது. முந்தின நாள் காட்டூரில் ரங்கராஜன் என்பவர் வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையனுக்கும் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பஜ்ஜி இரண்டாம் சுற்று வரும்போது பையனின் அப்பா அசல் ஜாதகத்தைக் கேட்டார். அதில் மூல நட்சத்திரம். எங்கள் மையம் கொடுத்த தாளில் ரேவதி. மூலத்தில் பிறந்த மருமகள் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று நம்புகிற வீடு. கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ரங்கராஜன் எங்கள் மாடியில் வந்து நின்றார். "மூலத்தை மறைச்சு ரேவதின்னு ஏமாத்தினேள்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயிட்டா மாமி! பொண்ணு நேத்திலேர்ந்து பேசலே!"

மாமி என்னைப் பார்த்தார். "நட்சத்திரத்தையே மாத்தி அடிச்சிருக்கியேடா! ஒம்போதாங் கிளாஸோட நின்னவனை இங்கே உட்கார வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

இதையெல்லாம் பாலத்தில் நின்று சொன்னேன். எப்ப சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஆடிட் பதிவைப் பார்த்தாங்களா?"

"அப்படின்னா என்ன சார்?"

சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி ஆகிவிட்டார். "என்னங்க இது! மூணு வருஷமா கம்ப்யூட்டர்ல இருக்கிற எல்லா டேபிளுக்கும், அதாங்க பட்டியலுக்கும், ஆடிட் போட்டு வச்சிருக்கேன். யாரு சேர்த்தாலும், மாத்தினாலும், அழிச்சாலும், சும்மா திறந்து பார்த்தாலும்கூட எழுதிக்கிட்டே இருக்கு. ஒருத்தர் வந்து 'காட்டுங்க சார்'னு கேட்டதில்ல. இன்னிக்கு உங்க புண்ணியத்துல பார்க்கப் போறோம்! ஏறுங்க!"

"நானே தப்பா அடிச்சிருந்தா?"

"அப்ப உங்க பேரு வரும். வந்துட்டுப் போகட்டுமே, அதுக்குத்தானே வச்சிருக்கு! ஏறுங்கன்னா!"

நான் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதற்குள் அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். பின்னால் மாமி, அவர் பக்கத்தில் ரங்கராஜன்.

"பாருங்க மாமி. இடது பக்கம் டேபிள் பேரெல்லாம் இருக்கா? ஜாதகம்ங்கிறது மேல ரைட் கிளிக். ஆடிட் ரெக்கார்டு. அவ்வளவுதாங்க!"

காட்டூர் ரங்கராஜன் மகளின் ஜாதகத்துக்கு இரண்டு வரிகள் வந்தன. முதல் வரி: சேர்க்கப்பட்டது, நட்சத்திரம் மூலம், சேர்த்தவர் நான். நான் சரியாகத்தான் அடித்திருந்தேன். இரண்டாவது வரி: மாற்றப்பட்டது, பழையது மூலம், புதியது ரேவதி, மாற்றியவர் அட்மின்.

அந்த மையத்தில் அட்மின் ஒரே ஆள்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வரியை அழிக்கிற உரிமையும் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற மாமியின் மூக்குக்கண்ணாடி அப்போது மேஜைமேல் இருந்தது. எப்ப சார் வாயால் படித்துச் சொல்வதுதான் மாமிக்குச் செய்தி.

எப்ப சார் நாற்காலி பின்னால் விழத் துள்ளி எழுந்தார். "நான்தான்! மாமி, நானேதான்!"

"தப்பு பண்ணிட்டு இப்படிக் குதிக்கறேளே!"

"ஆடிட் போட்டவனையே பிடிச்சிருச்சு மாமி! என்னையே விடல!"

பிறகு அவரே கண்டுபிடித்தார். உறையூர்ப் பெண் ஒருத்தியின் நட்சத்திரத்தை ரேவதி என்று திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பதிவு எண் கையில் இல்லாததால், 'அப்பா பெயர் ரங்கராஜன்' என்பதையே அடையாளமாகக் கொடுத்துக் கட்டளையைத் தட்டியிருக்கிறார். ஸ்ரீரங்கத்தில்! ரங்கராஜன் என்ற பெயரை மட்டும் நம்பி! ஒரே நொடியில் நாற்பத்தொரு ரங்கராஜன்களின் பிள்ளைகள் ரேவதியில் பிறந்துவிட்டார்கள். அவர்களில் ஏழு பேர் பையன்கள்.

நாற்பத்தொரு பழைய நட்சத்திரமும் அந்தப் பதிவிலேயே இருந்தன. ஒவ்வொன்றையும் அவர் சத்தமாகப் படித்துத் திரும்பப் போட நான் சரிபார்த்தேன். உறையூர்ப் பெண்ணை மட்டும் ரேவதியிலேயே விட்டோம். காட்டூர் பதிவை அச்செடுத்து ரங்கராஜனிடம் கொடுத்தார் எப்ப சார். "பையன் வீட்ல காட்டுங்க. தப்பு அட்மினோடதுன்னு சொல்லுங்க. என் போன் நம்பரும் எழுதியிருக்கேன், திட்டணும்னா திட்டட்டும்."

ரங்கராஜன் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "கல்யாணம் நடக்கறது நடக்கலே, அது பெருமாள் இஷ்டம். நான் பொய் சொல்லலேன்னு எழுத்துல இருக்கே, அது போறும்."

அவர் போனதும் எப்ப சார் மாமியிடம் திரும்பினார். "மாமி, மாத்தறவனே பார்க்கறவனாவும் இருக்கக் கூடாதுங்க. தினமும் இதைப் பார்க்கிற வேலையை இவருக்குக் குடுங்க."

"ஒம்போதாவதுய்யா அவன்!"

"பழையது, புதியது, யாரு, எப்ப. நாலு கட்டம். அதுக்கு எத்தனாவது படிக்கணுங்க?"

மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு ஒம்போதரைக்கெல்லாம் வந்துடணும்" என்றார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அந்த வேலையில் உட்கார்ந்தேன். எப்ப சார் வருவதற்கு முன்பே, அவர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு டேபிளாக வலது கிளிக் செய்தேன். ஊழியர் டேபிளில் முந்தின நாள் கணக்கில் இரண்டு வரிகள். பத்து முப்பத்திரண்டுக்கு மாமி என் பெயருக்கு நேரே வேலையை விட்ட தேதி போட்டிருந்தார். பதினொன்று எட்டுக்கு அட்மின் அந்தத் தேதியை அழித்திருந்தார்.

ஜாதக டேபிளை அவர் திறந்து பார்த்த நேரத்தையும் தேடிப் பார்த்தேன். பதினொன்று பன்னிரண்டு. தேதியை அழித்து நான்கு நிமிடம் கழித்து.