நாலு சில்லு வண்டியும் என் இரண்டாவது பிள்ளையும்

அன்றைக்கு நான் ஏன் தலையை ஆட்டினேன்?

இந்தக் கேள்வியை என் கணவர் கேட்டுவிட்டார், மச்சாள் கேட்டுவிட்டாள், வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்வீட்டு ரீச்சர்கூடப் படியில் மறித்துக் கேட்டுவிட்டார். சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் நானே என்னைக் கேட்டிருக்கிறேன். "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் பட்டதாரி. அந்த ஒரு சொல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எனக்குத் தெரியும். மூன்றிலும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் பயந்தாங்கொள்ளி. அதுவும் முன்கூட்டியே திட்டம்போட்டுப் பயப்படுகிறவள். எங்கள் வீட்டில் ஒரு பார்சல் இருக்கிறது. ஐ.சி. என்கிற என் அடையாள அட்டை, வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த துண்டு, கலியாணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டுச் சொந்தக்காரர் தந்த கடிதம், கணவர் வேலைசெய்யும் கந்தோர்க் கடிதம், இவை எல்லாவற்றினதும் பிரதிகள், பிரதிகளின் பிரதிகள். ஒவ்வொன்றும் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பைக்குள். (மழை பெய்தால்?) எல்லாம் சேர்த்து இன்னொரு பெரிய சிலிசிலிப் பைக்குள். (அது கிழிந்தால்?) அதன்மேல் மகளின் துணி நாப்கினைச் சுற்றி ஊசி குத்தியிருப்பேன். காலி வீதியைக் கடந்து வெங்காயம் வாங்கப் போனாலும் அது என்னோடு வரும். இந்தச் சண்டைக் காலத்தில் கொழும்பில் வெங்காயம் இல்லாமல் வீடு திரும்பலாம். ஐ.சி. இல்லாமல் வெளிக்கிட்டால் வீடு திரும்புவோம் என்பது நிச்சயமில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் என் கணவரின் தங்கை சுபா ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். எங்கள் ஃபிளாட்டின் வெக்கை அவளுக்கு இரண்டே நாளில் அலுத்துவிட்டது. தெற்கே கடற்கரையோரம் ஒரு ஹோட்டலில் எல்லோருக்கும் அறை எடுத்தாள். அந்த ஹோட்டலின் வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு வெள்ளைக்காரச் சோடி, தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் பல். அவர்களுக்குக் கீழே நாலு தடித்த சில்லு வைத்த மோட்டார் சைக்கிள். வழிகாட்டியோடு வயல், தென்னந்தோட்டம், பற்றைக்காடு என்று இரண்டு மணித்தியாலம் சுற்றலாமாம். சுபா தனக்கும் அண்ணனுக்குமாக இரண்டு வண்டி பதிந்துவிட்டாள்.

விடிந்ததும் அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"நீர் போயிட்டு வாருமன்," என்றார், கட்டிலில் குப்புறக் கிடந்தபடி.

"நானோ? எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாதப்பா."

"இதுக்கு நாலு சில்லு. விழாது."

"அபிக்குப் பால்?"

"பதினொரு மணிக்குத்தானே குடிப்பாள். ஒன்பதுக்குப் போனா பதினொண்டுக்கு முதல் வந்திடுவீர்."

மகள் அபிக்கு அப்போது பதினொரு மாதம். போத்தல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் வராவிட்டால் அவளுக்குப் பால் இல்லை, அவ்வளவுதான்.

"எனக்குப் பயமா இருக்கு."

"அப்ப அவள் தனிய ஆரோ தெரியாத ஆளோட காட்டுக்குள்ள போறதோ? அம்மா கேட்டா நான் என்ன சொல்லுறது?"

அந்த இடத்தில் நான் தோற்றேன். தனியாக வேலைக்குப் போய், தனியாகப் பனிக்குள் கார் ஓட்டி, தனியாக விமானம் ஏறி வந்த ஒருத்திக்குத் தென்னந்தோட்டத்துக்குள் துணை தேவைப்பட்டது. துணைக்குப் போனது, லிஃப்டில் தனியாக ஏறத் தெரியாத நான்.

வழிகாட்டியின் பெயர் நிமல். நாற்பது வயது மதிக்கத்தக்க, அமைதியான சிங்களவர். சேறு தெறிக்கும், கைப்பை எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னார்.

"அண்ணி, அந்தப் பொட்டலத்தை ரூமில வைச்சிட்டு வாங்கோ. ரெண்டு மணித்தியாலம்தானே," என்றாள் சுபா. அவளுடைய கனடா பாஸ்போட் அவள் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் மடிப்புக் குலையாமல் இருந்தது.

அறைக்குப் போய்ப் பார்சலை அலுமாரியில் வைத்தேன். கதவுவரை வந்து திரும்பி எடுத்தேன். கணவரிடம் கொடுத்தேன். படியிறங்கி, மறுபடி ஏறி, வாங்கிக்கொண்டேன். கடைசியில் குளியலறைக்குள் போய் என் பஞ்சாபி உடுப்பின் சால்வையால் அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே சுபாவின் தொளதொளத்த ரீசேர்ட்டைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் கொஞ்சம் வயிறு வைத்தமாதிரித் தெரிந்தது. பிள்ளை பெற்றவள்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

யார் கவனிக்கப் போகிறார்கள்! இந்த நாட்டில், இந்தக் காலத்தில், வயிற்றில் எதையோ கட்டிச் சட்டையால் மூடிக்கொண்டு வரும் ஒரு தமிழ்ப் பெண்ணை யார்தான் கவனிக்கப் போகிறார்கள்! தேவையில்லாத எல்லாவற்றுக்கும் பயப்பட்டுப் பழகிய நான், பயப்படவேண்டிய அந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

வண்டி ஓட்டுவது சுலபம் என்றார் நிமல். கைப்பிடியில் ஒரு சின்ன விசை. பெருவிரலால் அமுக்கினால் ஓடும், விட்டால் வேகம் குறையும், மற்றக் கையில் பிரேக். "ஈஸி மிஸ், வெரி ஈஸி."

நான் பெருவிரலை விசையின்மேல் வைத்தேன். அமுக்கினேன் என்று சொல்ல முடியாது. என்னை முதலில் ஒரு பசு முந்தியது. பிறகு அதன் கன்று. பிறகு தேங்காய் மூட்டையோடு ஒரு சைக்கிள்காரர் முந்தினார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனார். சுபா முன்னுக்கிருந்து, "அமுக்குங்கோ அண்ணி, அமுக்குங்கோ!" என்று கத்துவாள். நிமல் ஒவ்வொரு வளைவிலும் காத்து நின்று என் வயிற்றை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஸ்லோ இஸ் குட் மிஸ்," என்பார். எவ்வளவு பொறுமையான மனிதர் என்று நினைத்தேன். காரணம் பிறகுதான் விளங்கியது.

வயல் ஓரம் குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் பார்சல் வயிற்றில் குதித்தது. சால்வை தளர்ந்து, இடுப்புப் பக்கமிருந்த பார்சல் ஊர்ந்து ஊர்ந்து நடுவயிற்றுக்கு வந்து சேர்ந்தது. அதை நேராக்குவதற்கு ஒரு கையை எடுக்கவேண்டும். கையை எடுக்கும் துணிவு இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்கமாட்டேன்.

தென்னந்தோட்டம் முடிந்து பாதை ரெயில் பாலத்தடிக்கு வந்தது. பாலத்துக்குக் காவலாக ஒரு சென்ரி: நாலு மணல்மூட்டை வரிசை, ஒரு தார்ப் பீப்பா, மீசைவைத்த ஒரு கோப்ரல், ஒல்லியான ஒரு சிப்பாய். நிமலை அவர்களுக்குத் தெரியும். கையசைத்து அவரையும் சுபாவையும் போகவிட்டார்கள். அவர்கள் போய் நெடுநேரம் கழித்து, பற்றைக்குள்ளிருந்து நான் தனியாக வெளிப்பட்டேன். சிப்பாய் கையைக் காட்டினார்.

கையைக் காட்டினால் நிற்கவேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன விஷயம். மூளை "நில்" என்றது. ஆனால் பயத்தில் என் கைகள் இறுகின, இறுகிய கையோடு பெருவிரலும் இறுகியது. மாட்டைவிட மெதுவாக வந்த வண்டி சீறிக்கொண்டு பாய்ந்து, தார்ப் பீப்பாவில் மோதி, அதை உருட்டிவிட்டு நின்றது.

அடுத்து நான் செய்ததை எந்த வெள்ளைக்காரியும் செய்திருக்கமாட்டாள். எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள். அவர்கள் கேட்குமுன் ஐ.சி.யைக் காட்டிவிட வேண்டும் என்று, கையைச் சட்டைக்குள் விட்டேன்.

"அத் உஸ்ஸண்ட!"

கையைத் தூக்கு என்ற அந்தச் சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. துவக்கு என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. சிப்பாயின் கண் என் வயிற்றில் இருந்தது. நானும் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். அப்போதுதான், அந்த நிமிடத்தில்தான், குண்டு கட்டி வந்தவள்போல நான் தெரிகிறேன் என்று எனக்கு விளங்கியது.

இரண்டு கையும் மேலே. என் உயிரைப் பற்றி நான் நினைத்ததாக ஞாபகமில்லை. பதினொரு மணிக்கு அபி எழும்புவாள், போத்தலைத் தட்டிவிடுவாள், இவர் என்ன செய்வார் என்பதுதான் மறுபடி மறுபடி ஓடியது.

அடுத்த வளைவில் காத்து நின்ற நிமல் ஓடிவந்தார். "மஹத்தயா, மஹத்தயா! படே லமயெக்!" வயிற்றில் பிள்ளை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, பாவம். காலையிலிருந்து அப்படித்தான் நம்பியிருக்கிறார். பெண்பிள்ளையிடம் கேட்க வெட்கப்பட்டு, குழிக்குக் குழி என்னைக் காத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கோப்ரல் என்னைப் பார்த்தார். "எத்தத?" உண்மையா என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

துவக்கு இறங்கியது. கோப்ரலின் கோபம் நிமலின்மேல் பாய்ந்தது. பிள்ளைத்தாய்ச்சியை இந்தச் சனியனில் ஏற்றிக்கொண்டு வந்தாயா, உனக்கு மனைவி பிள்ளை இல்லையா என்று ஏசினார். எனக்கு ஒரு கதிரை வந்தது. ஒரு செவ்விளநீர் வந்தது. எத்தனை மாதம் என்று கேட்டார். ஒரு கையால் இளநீரைப் பிடித்திருந்தேன். மற்றக் கை இன்னும் மேலேதான் இருந்தது, விரல் ஐந்தும் விரிந்திருந்தன. ஐந்து மாதம் என்று எடுத்துக்கொண்டார். தன் மனைவிக்கும் ஐந்துதான் என்றார். பீப்பாவில் மோதியிருக்கிறாய், சும்மா விடக்கூடாது, ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்று ஜீப்புக்குச் சொல்லத் தொடங்கினார்.

நான் இளநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இப்போது சொன்னால் ஏன் முதலில் பொய் சொன்னாய் என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டர் சட்டையைத் தூக்குவார். எது மேல்? நான் இதை யோசித்து முடிக்குமுன் சுபா வந்து சேர்ந்தாள். அவளுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது.

"என்ன அண்ணி? என்னவாம்?"

"எனக்கு வயித்தில பிள்ளையாம்," என்றேன், உதடு அசையாமல்.

"ஐயோ! அண்ணா ஒரு வார்த்தை சொல்லேல்லையே!" என்று என்னை எழுப்பி இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

சால்வை அவிழ்ந்தது. என் ஐந்து மாதம் "தொப்" என்று மணலில் விழுந்தது.

நிமல் பின்னுக்குப் போனார். சிப்பாய் மணல்மூட்டைக்குப் பின்னால் போனார். சுபா என்னை விட்டுவிட்டு எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது. வாத்துப் படம் போட்ட நாப்கினில் சுற்றிய அந்தப் பொட்டலமும் நானும் மட்டும் நடுவில்.

"நீயே பிரி," என்றார் கோப்ரல் சிங்களத்தில், மிக மெதுவாக.

முழங்காலில் நின்று ஊசியைக் கழற்றினேன். நாப்கின். பெரிய பை. அதற்குள் சின்னப் பைகள். ஒவ்வொன்றாகப் பிரித்து உயர்த்திக் காட்டினேன். பொலிஸ் துண்டு. அதன் பிரதி. கலியாணப் பதிவு. அதன் பிரதி. பிரதியின் பிரதி. எவ்வளவு கவனமாக முடிச்சுப் போட்டிருந்தேனோ, ஒவ்வொரு முடிச்சும் அவ்வளவு நேரம் எடுத்தது. ஐ.சி. கடைசிப் பையில் இருந்தது. பாதுகாப்புக்காக அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன்.

பதினொரு மணி ஆகிவிட்டதென்று கடிகாரம் பார்க்காமலே தெரிந்தது. பால் கட்டி நெஞ்சு வலித்தது, ரீசேர்ட் நனையத் தொடங்கியது. கோப்ரல் கிட்ட வந்து, பிறப்புச் சான்றிதழை எடுத்துத் திகதியைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்படியென்றால் பிள்ளை எப்போதோ பிறந்துவிட்டது," என்றார். சிரிக்கவில்லை. "பிறகு ஏன் தலையை ஆட்டினாய்?"

முதலில் கேட்டவர் அவர்தான்.

ஹோட்டலுக்கு அறிவித்தார்கள். அரை மணித்தியாலத்தில் ஓர் ஓட்டோவில் என் கணவர் வந்து குதித்தார். (இடுப்பு அருமையாகச் சுகமாகியிருந்தது.) அவர் கையில் அபி, ஊரையே கூட்டும் கத்தல். என்னைக் கண்டதும் பாய்ந்து வந்து, மொழி தெரிந்த எவரைவிடவும் தெளிவாக நான் யார் என்று நிரூபித்தாள். கோப்ரல் எங்கள் விவரத்தைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போகச் சொன்னார். ஒல்லிச் சிப்பாய் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து என் இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து நாப்கினை மடித்து ஊசி குத்தித் தரும்போது தன் விரலிலேயே குத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பார்சலின் பெயர் "சின்னவன்". வெளிக்கிடும்போதெல்லாம் இவர், "சின்னவனைத் தூக்கியாச்சோ?" என்பார். சுபா தொலைபேசியில் அபியை விசாரித்த கையோடு சின்னவனையும் விசாரிப்பாள். நாலு வயது அபிக்கு அது அப்பா சொல்லும் பகிடி என்று தெரியாது. தம்பி எப்போது நடப்பான் என்று போனகிழமை கேட்டாள்.

இப்போது சுபா மறுபடி வருகிறாள். அதே ஹோட்டல், அதே வண்டி, இந்த முறை அபியையும் முன்னுக்கு ஏற்றவேண்டுமாம். வீதியில் சென்ரி அப்போதைவிடக் கூட. இவருக்கு இப்போதே இடுப்பு லேசாகப் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

வாசகர்களே, உண்மையாகத்தான் கேட்கிறேன். சின்னவனைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கொண்டுபோகாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். கொண்டுபோவதா, விடுவதா? கொண்டுபோவதென்றால் உடம்பில் எங்கே? விபரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சுபா வர இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, நான் இரண்டுதரம் அவனை அலுமாரியில் வைத்து இரண்டுதரம் வெளியே எடுத்துவிட்டேன்.