சம்பந்தியும் நானும் ஜெட் ஸ்கீ ஏறிய கதை

மரக்காணம்

அன்புள்ள மச்சான் ஆரோக்கிய பிரபுவுக்கு, அத்தான் அமிர்தராஜ் எழுதுவது. இங்கே உன் அக்காள் ஜோசப்பின் நலம். என்னோடு பேசாமல் இருப்பதால் கூடுதல் நலம்.

நம் மகள் ஆஷ்லினைப் பெண் பார்க்கப் பொம்மையார்பாளையத்திலிருந்து சாலமன் குடும்பத்தோடு வந்தார். பையன் ஜான்சனுக்குப் பிடித்துப்போய், தட்டும் மாற்றியாகிவிட்டது. அதோடு அனுப்பியிருக்கலாம். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த ரிசார்ட்டில் கடல் ஸ்கூட்டர் விடுகிறார்கள் என்று நான்தான் வாயை விட்டேன். சம்பந்தி உடனே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

வண்டியைக் கொடுத்த வினோதினி என்ற பெண் சொன்னாள்: "அங்கிள், இதுக்கு பிரேக் கெடயாது. அடியில தண்ணிய இழுத்து பின்னாடி குழாய்ல பீச்சும். ஹேண்டில திருப்புனா அந்தக் குழாய் திரும்பும், பீச்சுற தண்ணிதான் வண்டியத் திருப்பும். கேஸை, அதான் ஆக்சிலேட்டர, விட்டுட்டா பீச்சாது. அப்புறம் ஹேண்டில எந்தப் பக்கம் ஒடிச்சாலும் நேராத்தான் போவும்."

"ஏம்மா, பாண்டி ரோட்ல பஸ் ஓட்டுனவன் நானு" என்றேன். சம்பந்தி பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பறந்தோம் மச்சான்! எதிரே நங்கூரம் போட்ட மீன்பிடிப் படகு ஒன்று வந்தது. சரி, படகு வரவில்லை, நாங்கள்தான் போனோம். ஆபத்து என்றால் ஆக்சிலேட்டரை விடு, ஸ்டியரிங்கை ஒடி, பிரேக்கை மிதி. எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். விட்டேன். ஒடித்தேன். வண்டி என்னை மதிக்கவே இல்லை, படகைப் பார்த்து நேராகப் போகிறது. காலால் பிரேக்கைத் தேடினேன். சம்பந்தியின் கால் கிடைத்தது. ஓங்கி மிதித்தேன்.

"ஐயோ மாதாவே!" என்று அவர் அலற, கரையிலிருந்து வினோதினி "கேஸ் குடுங்க அங்கிள்!" என்று கத்த, பயத்தில் கேஸ் லீவரை முழுசாக அமுக்கிவிட்டேன். ஹேண்டில் ஒடித்தபடியே இருந்ததால் வண்டி சர்ரென்று சுழன்றது. படகு தப்பியது. சம்பந்தி கடலில் விழுந்தார். அவிழ்ந்த வேட்டியை வண்டி அடியில் இழுத்துக்கொண்டு, இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

படகுக்காரர்கள் அவரைத் தூக்கி மேலே நிறுத்தினார்கள். மேலே லைஃப் ஜாக்கெட், கீழே பட்டாபட்டி. கரையில் இரண்டு வீட்டுச் சனமும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையை நீட்டி, "யோவ் பஸ் டிரைவரு! உன் பொண்ணும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்!" என்றார்.

அன்றிலிருந்து ஆஷ்லின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. என் கிறுக்கால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடுமோ என்று சோறு இறங்கவில்லை. வானூரிலிருந்து பொம்மையார்பாளையம் வரை உன் பேச்சுக்கு மதிப்புண்டு. உடனே புறப்பட்டுப் போய் அந்த மனுஷன் காலில் விழு. என் காலை நினைத்து அவர் பயந்தால், உன் கால் சாது என்று சொல். உன் வீட்டாருக்கும் எருமைகளுக்கும் அந்தோணியார் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் அமிர்தராஜ்

பின்குறிப்பு: போகாதே. ஆஷ்லின் இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். அவளும் ஜான்சனும் காலேஜிலேயே பழக்கமாம். "பெரியவங்க பாத்து முடிச்சா மாதிரி இருக்கட்டும்னு விட்டோம்ப்பா" என்கிறாள். பட்டாபட்டி காய்வதற்குள் சம்பந்திக்குக் கோபம் ஆறிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டு பேர் பெயரையும் அறிவித்துக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லியாகிவிட்டதாம். பிள்ளைகளைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனவர்கள் சாலமனும் உன் அக்காளும். எனக்குப் பத்திரிகை வந்தால் உனக்கும் தெரியப்படுத்துகிறேன்.