எதிர்க்கேள்வியை இன்டர்வியூ செய்தவர்கள்

ஆண்டவனே நேரில் இறங்கி வந்து, "மகளே, உனக்கு என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டால், "உங்கிட்ட இன்னா இன்னா கீது?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய ஒரே பெண்பிறவி எதிர்க்கேள்விதான். இதை நான் எந்தக் கோயிலிலும் எந்தச் சர்ச்சிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அவளுக்குச் சொந்தமாக ஒரு பேர் இருந்தது. அது பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் சௌக்கியமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில், அரிசிக் கடைக்கு மேல் மாடியில் நடந்த எங்கள் பெண்கள் ஹாஸ்டலில் அந்தப் பேரை யாரும் தொந்தரவு செய்ததில்லை. எல்லாருக்கும் அவள் எதிர்க்கேள்விதான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. வயல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. 'பொம்பளப் பிள்ளைகளையும் எடுக்காங்களாம்' என்று யாரோ சொன்ன ஒற்றை வரியை நம்பி, நான் திருநெல்வேலிப் பக்கமிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். அறையில் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள் அவள்.

"இந்தக் கட்டில் யாருக்கு?" என்றேன்.

"ஏன், உனுக்கு வோணுமா?"

"குளிக்கத் தண்ணி எங்க இருக்கு?"

"இன்னும் குளிக்கலியா நீ?"

"உங்க பேரு என்ன?"

"யாரு கேக்கச் சொன்னா?"

வந்த முதல் நாளே சண்டைக்காரியோடு மாட்டிக்கொண்டோமே என்று பெட்டியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "இன்னா பாத்துகினு கீறே? ஆறிடாதா?" என்றாள். வெந்நீர். அப்போதுதான் விளங்கியது, அவளுக்கு இதுதான் பேச்சு. நமக்கு மூச்சு மாதிரி.

பஸ்ஸில் அவளோடு போவது ஒரு அனுபவம். கண்டக்டர் பாவம், வழக்கம்போல "எங்கம்மா போவணும்?" என்பார்.

"இந்த பஸ் எங்க போவுது?"

"பூந்தமல்லி."

"பூந்தமல்லி போற பஸ்ல ஏறிகினு நான் டெல்லிக்கா போவேன்?"

"சரிம்மா. சில்லறை கீதா?"

"பை நெறைய வச்சினு கீறியே, உங்கிட்ட இல்லியா?"

அந்த ரூட்டில் ஓடிய கண்டக்டர்கள் பிற்பாடு அவள் ஏறியதுமே ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் ஓடிவிடுவார்கள்.

இதெல்லாம் பஸ்ஸுக்குச் சரி. வேலைக்கான இன்டர்வியூவில் என்ன செய்வது? இன்டர்வியூ என்றால் ஒரு பக்கம் கேட்கவேண்டும், மறு பக்கம் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் கேட்டால் அதற்குப் பேர் பட்டிமன்றம்.

மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் "உன் பேர் என்னம்மா?" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். "அப்ளிகேஷன்ல எழுதிக் குடுத்தேனே, பாக்கலியா சார்?" என்றிருக்கிறாள். அதோடு முடிந்தது. நாற்காலி சூடாகக்கூட இல்லை. இன்னொரு இடத்தில், "எங்க கம்பெனியில ஏன் சேரணும்னு நினைக்கறே?" என்று அருமையாகக் கேட்டிருக்கிறார்கள். "ஏன் சார், வேணாமா? உள்ளுக்குள்ள எதுனா பிரச்சனையா?" என்று கவலையோடு விசாரித்திருக்கிறாள்.

அவள் திமிர்பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள்வாள். காரணம் இருந்தது. சேரப்பணஞ்சேரியிலிருந்து அவளுடைய அண்ணன் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்: தை பிறப்பதற்குள் வேலை கிடைக்காவிட்டால் வூட்டுக்கு வந்துவிட வேண்டும், மாமா பையன் காத்துக்கொண்டிருக்கிறான்.

"நல்ல பையனாட்டி?" என்றேன்.

"நல்லவன்தான். ஆனா நான் எது கேட்டாலும் சிரிக்கறான்டி. 'மழ வருமா?'ன்னா சிரிக்கறான். 'பசிக்குதா?'ன்னா சிரிக்கறான். ஆயுசு பூரா இப்டியே சிரிச்சிகினு இருந்தா நான் யார்ட்ட பேசறது?"

நியாயமான பயம். ஹாஸ்டலே அவளுக்காகக் களத்தில் இறங்கியது. வார்டன் அம்மா ஏற்றால்தான் எதுவும் நடக்கும்; அவர் ஏற்றார். 'மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் காயில் கம்பெனி ஒன்று புதிதாகப் பெண்களை எடுக்கிறது, எனக்கும் அவளுக்கும் ஒரே நாளில் இன்டர்வியூ' என்று தெரிந்ததும் மறுநாளே பயிற்சி தொடங்கிவிட்டது. நான்தான் மேனேஜர். வார்டன் அம்மாவின் கண்ணாடியை மூக்கில் மாட்டி, குளிக்கிற துண்டைக் கோட்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு உட்காருவேன். கண்ணாடி வழியே எனக்கு எதிர்க்கேள்வி இரண்டாகத் தெரிவாள். ஒருத்தியைச் சமாளிப்பதே கஷ்டம்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"இன்னா சொல்ல…" என்று ஆரம்பிப்பாள். வார்டன் அம்மா தட்டில் கரண்டியால் 'டங்' என்று அடிப்பார். தப்பு என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கீழே அரிசிக் கடைக்காரர், மாடியில் தினமும் மூன்று வேளை பூஜை நடக்கிறது என்று நினைத்தாராம்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது நான்தான். கமர்கட். வாயில் ஒரு கமர்கட்டை ஒதுக்கிக்கொண்டால் நாக்குக்குச் சுற்ற இடம் இருக்காது; பதில் சுருக்கமாக வரும், கேள்வி வெளியே வராது. அற்புதமாக வேலை செய்தது. "பேரு?" சொன்னாள். "படிப்பு?" சொன்னாள். வார்டன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்தோத்திரம் சொன்னார்.

ஆனால் ஹாஸ்டல் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று அவள் எல்லாரிடமும் ஒழுங்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். "சாப்ட்டியா?" என்றால் "சாப்ட்டேன்" என்றாள். "தூக்கம் வருதா?" என்றால் "வருது" என்றாள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நோயாளி இருக்கிற வீடு மாதிரி எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். மூன்றாம் நாள் வார்டன் அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லையே" என்று சமையல்கட்டுக்குள் போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

இன்டர்வியூ நாள் வந்தது. ஹாஸ்டலுக்குப் பொதுவாக வெளிர்நீலத்தில் ஒரு இன்டர்வியூ புடவை இருந்தது. எங்கள் எல்லாரையும்விட அதிகக் கம்பெனி ஏறி இறங்கிய புடவை. சில வாட்ச்மேன்கள் ஆளைப் பார்க்காமல் புடவைக்கே வணக்கம் வைப்பார்கள். அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வார்டன் அம்மாவின் சர்ச்சுப் புடவையை நான் கட்டிக்கொண்டேன். வார்டன் அம்மா நல்ல ஆகிருதி. புடவை என்னை இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றியது.

கூட்டம் அதிகம் என்பதால் இரண்டு இரண்டு பேராக உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் கஞ்சி போட்ட சட்டை அணிந்திருந்தார். சட்டையைவிட முகம் விறைப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு இளவயது இன்ஜினியர், பெண்களைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அவளைப் பார்த்ததும், "என்னம்மா கன்னம் வீங்கியிருக்கு, பல்வலியா?" என்றார்.

நேர்ப்பதில்தான் சொல்லவேண்டும் என்பது பயிற்சி. "இல்ல சார். கமர்கட்."

இன்ஜினியர் நிமிர்ந்தார். மேனேஜர் என்ன நினைத்தாரோ, மேலே போனார். பேர் கேட்டார், சொன்னாள். படிப்பு கேட்டார், "பிளஸ் டூ சார்" என்றாள். கண் பார்வை? "நல்லா தெரியும் சார்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் நெற்றியில் மட்டும் முத்து முத்தாக வேர்த்தது. உள்ளே எத்தனை கேள்விகளை அடக்கி வைத்திருந்தாளோ!

"கடைசியா ஒண்ணு. மார்னிங் ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆறு அடிக்கும்போது மெஷின் முன்னால இருக்கணும். ரெண்டு பேராலயும் முடியுமா?"

"எஸ் சார்" என்றேன் நான்.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். கன்னத்து மேடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. 'கடக்' என்று ஒரு சத்தம். கமர்கட் உடைந்தது. பயிற்சியும் அதோடு உடைந்தது.

"மொத பஸ்ஸே ஆறரைக்குத்தானே சார் வருது?"

மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் டம்ளரைப் பார்த்தார். "அது… நீங்கதான் ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கணும்."

"இன்னா ஏற்பாடு சார்? இருட்டுல நடந்தா? நீங்க எதுல வர்றீங்க?"

"கம்பெனி ஜீப்."

"அதுல எத்தினி சீட்டு?"

நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அது இன்ஜினியர் கால் என்பது அவர் துள்ளியபோதுதான் தெரிந்தது. அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பொம்பளைங்களுக்கு பாத்ரூம் கட்டிட்டீங்களா சார்?"

"கட்டிக்கிட்டிருக்கோம்."

"கதவு வச்சாச்சா?"

"வைக்கணும்."

"தாப்பா உள்பக்கம்தானே?"

"உள்பக்கம்… தானே சார்?" என்று அவர் மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் பேனாவை மூடினார். "ஏம்மா, இப்ப யாரு யாரை இன்டர்வியூ பண்றது?"

"உங்களுக்கு இன்னா தோணுது சார்?"

இன்ஜினியருக்குக் காபி மூக்கில் ஏறியது. மேனேஜர் எழுந்தார். கதவைக் கையால் காட்டினார்.

கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்த சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "கமர்கட் ஒடஞ்சிடுச்சிடி" என்றாள். "போட்டும், அழாதட்டி. வேற கம்பெனியா இல்ல?" என்றேன்.

"வேற கீதா?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த வாரமே அண்ணன் வந்துவிட்டார், தை பிறக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கூடவே மாமா பையனும். நிஜமாகவே எல்லாவற்றுக்கும் சிரித்தான். அவளுடைய பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, அரிசிக் கடை வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார்.

"காயில் கம்பெனிலேருந்து வர்றேன். கேள்வி கேட்ட பொண்ணு யாரும்மா?"

மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு கைகள் ஒரே நேரத்தில் அவளைக் காட்டின.

"திங்கக்கெழம காலைலேருந்து அஞ்சேகாலுக்கு இங்க வந்து நிப்பேன். வண்டி போதுமான்னு உங்கிட்ட காட்டிட்டு வரச் சொன்னாரு மேனேஜரு. இந்தா, உனக்கும் உன்கூட வந்த பொண்ணுக்கும் ஆர்டர்."

வேறு யாராக இருந்தாலும் ஆர்டரைப் பிரித்துப் படித்திருப்பார்கள். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரை ஒரு உதை விட்டாள்.

"பிரேக் புடிக்குமா?"

"புடிக்கும்மா."

"யாரு சொன்னா?"

மாடியிலிருந்து வார்டன் அம்மா, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பிள்ளைக்குக் குணமாயிடுச்சு!" என்று கத்தினார். அண்ணன் ஒரு நிமிஷம் தங்கையையும் வேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மாமா பையன் அதற்கும் சிரித்தான். எனக்கென்னவோ அவனுக்கும் நிம்மதிதான் என்று தோன்றியது.

சேர்ந்த அன்று மேனேஜர் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார். "அத்தனை பேர்கிட்டயும் ஆறு மணி ஷிப்ட்டைப் பத்திக் கேட்டேன். அத்தனை பேரும் எஸ் சார். ஒருத்திகூட வந்து சேர்ந்திருக்க மாட்டீங்க. மெஷின்தான் தனியா உக்காந்து என்னைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கும்" என்றார். விறைப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் கையைத் தூக்கியதும் மறுபடி விறைத்துக்கொண்டு, அவசரமாக ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்.

அன்று இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வேனில் ஏறினோம். ஆறு மணியிலிருந்து கம்பி சுற்றியதில் விரல்கள் சிவந்திருந்தன. வண்டி கிளம்பியதும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வெயில் முகத்தில் அடிக்காமல் இருக்க முந்தானையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டல் வாசலில் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். எனக்குத் தோள் மரத்துவிட்டது. அசைய மனசு வரவில்லை.

"அண்ணாச்சி, சுங்குவார்சத்திரம் வரைக்கும் இன்னொரு ரவுண்டு போயிட்டு வந்திருவமா? பிள்ள தூங்குது" என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் ஒருதடவை பார்த்துவிட்டு, ஹாரன் அடிக்காமல் வண்டியைத் திருப்பினார்.